தாழ்ப்பாள்

தேசம்மாவிடம் ஒரு கதவு இருந்தது, வீடு இல்லை. ஆற்றோரக் குடிசைகளை இடித்த அன்று, மாற்று வீடு கொடுக்கும்போது மாட்டிக்கொள்ளலாம் என்று அவள் புருஷன் கன்னியப்பன் கழற்றித் தூக்கிவந்த கதவு. வீட்டுக்காக நாயாய் அலைந்ததுதான் மிச்சம். கதவு நடைபாதையிலேயே, பூங்காச் சுவரில் சாய்ந்து நின்றுவிட்டது. போன மழையில் கன்னியப்பனுக்கு மூச்சு முட்டியபோது ஒரு ஆட்டோவும் நிற்கவில்லை. அந்தக் கதவின்மேல்தான் அவனைக் கிடத்தி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். கதவு மட்டும் திரும்பி வந்தது. அதற்கும் சுவருக்கும் நடுவில் இருந்த சந்தில்தான் அவள் துணி மாற்றினாள், தூங்கினாள், யாருக்கும் தெரியாமல் அழுதாள்.

இன்று நடைபாதையைக் காலி செய்ய லாரி வந்தது. அடுப்பும் பாயும் சட்டியும் ஏறிவிட்டன. தேசம்மா சந்துக்குள் புகுந்து கதவை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

"எம்மா, வெளிய வா. கதவயும் ஏத்தணுமாம்," என்றான் லாரி ஆள்.

"நான் வரமாட்டேன். போய்டு."

"அவகிட்ட என்னய்யா பேச்சு? அது என்ன வீடா? புடிச்சு இழு!" தூரத்திலிருந்து அதிகாரி கத்தினார்.

இழுக்க நீண்ட கை என்ன நினைத்ததோ, இரண்டு முறை தட்டியது. குடிசை போன பிறகு அந்தக் கதவை யாரும் தட்டியதில்லை.

"யாரு?" என்றாள் தேசம்மா, பழக்கதோஷத்தில்.

அவள் தாழ்ப்பாளைத் தள்ளினாள். மாட்டிக்கொள்ள நிலைச்சட்டம் இல்லாமல், அது காற்றுக்குள் நீட்டிக்கொண்டு நின்றது.