போயிட்டு வாங்க

அலையாத்திக் காட்டுக்கு நடுவே இருக்கும் அந்தத் தீவுக்கு ஒரு நாளைக்கு, வெளியூரில் இருக்கும் சொந்தங்களையும் சேர்த்து, இருபது விருந்தாளிகள்தான் வரலாம். அந்தக் கட்டுப்பாட்டுக்குப் பிறகுதான் நண்டும் நாரையும் திரும்பின. விருந்தாளிகளின் வருகையால்தான் தீவுக்கென்று ஒரு பள்ளிக்கூடமும் வந்தது.

விருந்து வீடு நடத்தும் செங்கமலம், படகேறும் ஒவ்வொருவரிடமும் வாய் நிறைய, "போயிட்டு வாங்க!" என்பாள். படகுத்துறையில் பேச்சைக் கேட்டே இடம் பதியும் இயந்திரம் அதை அழைப்பாகவே எடுத்துக்கொண்டு, அடுத்த வருடம் அதே நாளுக்கு அவர்களுக்கு இடம் போட்டு வைத்தது.

மாட்டுப்பொங்கலன்று துபாயிலிருந்து மகள் ஸ்பீக்கர் போனில் பொரிந்தாள். "அடுத்த பொங்கலுக்காவது வரலாம்னா இடமே இல்லைங்குதும்மா! எல்லாம் உன் வாயாலதான்!"

செங்கமலத்திடம் விடைபெற்றுப் படகேற நின்ற பிரெஞ்சுக்காரி மர்லேனுக்குத் தமிழ் தெரியும். சிரித்துக்கொண்டே இயந்திரத்தின் பக்கம் குனிந்தாள்.

"உங்க பொண்ணு வரட்டும்க்கா. நான் போறேன்."

"ஓர் இடம் காலி" என்றது இயந்திரம்.

செங்கமலத்துக்குப் பகீரென்றது.

"ஐயையோ! நல்ல நாளும் அதுவுமா போறேன்னு சொல்லாதீங்க! போயிட்டு வாங்க, போயிட்டு வாங்க!"

"இடம் நிரம்பியது" என்றது இயந்திரம்.

மகள் இன்னும் லைனில்தான் இருந்தாள்.