காலி ஜன்னல்

"ரயில் போகட்டும் தங்கச்சி, நான் வேணாங்கல. ஜன்னல்ல என் முகம் இருக்கட்டும்."

பிரேமிளா மடிக்கணினியிலிருந்து கையை எடுத்தாள். மேடைக்குப் பின்னால், இருபதடி அகலத் திரையில், அவள் மூன்று வாரம் உட்கார்ந்து உருவாக்கிய ரயில் பனிமூட்டத்துக்குள் ஏறிக்கொண்டிருந்தது.

"முதலாளி, இது பிரிவுப் பாட்டு. ஜன்னல் காலியாத்தான் இருக்கணும்."

"காலி ஜன்னலப் பாக்கவா சனம் டிக்கெட் வாங்குது?"

கெலிஓயாவில் டைல்ஸ் கடை வைத்திருக்கும் அழகமுத்துதான் அன்று மாலை கண்டியில் நடக்கவிருந்த இசை நிகழ்ச்சியின் ஒரே அனுசரணையாளர்; செலவெல்லாம் அவருடையது. பன்னிரண்டு பாட்டு. பன்னிரண்டுக்கும் திரைக்காட்சிகள் பிரேமிளாவுடையவை. சொந்தப் பெயரில் அவள் செய்யும் முதல் நிகழ்ச்சி. கொழும்பிலிருந்து ஓர் இசைக்குழுவின் மேலாளர் வேறு பார்க்க வருகிறார். அவருக்குப் பிடித்துவிட்டால் வருடம் முழுவதும் அவர்களோடு வேலை. பிடிக்காவிட்டால் மறுபடியும் குண்டசாலையில் கல்யாண அல்பம்தான்.

பாடகன் சுதேஷ் அவள் காதருகே குனிந்தான். "போட்டு விடு பிரேமி. மனுஷன் பிரதேச சபைத் தேர்தல்ல நிக்கப் போறாரு. இல்லாட்டி இப்படி முகத்தத் தூக்கிக்கிட்டு அலைவாரா?"

அழகமுத்து நாற்பது படங்கள் அனுப்பியிருந்தார். எல்லாவற்றிலும் அவருடைய தோளை ஒட்டி ஒரு சேலைத் தோள், பாதியாக.

"இது யாரு முதலாளி?"

"அத வெட்டிருங்க. கேக்காமப் போட்டா, இருக்கிற பிரச்சினை காணாதுன்னு இன்னொண்ணு வரும்."

"மகளிர் அணித் தலைவியா இருக்கும்," என்று சுதேஷ் முணுமுணுத்தான்.

அதற்குள் அழகமுத்து கீழே இறங்கி, முன்வரிசையில் மூன்றாவது கதிரையைக் கைக்குட்டையால் துடைத்து, அதில் உட்கார்ந்து திரையைப் பார்த்தார். "இங்கருந்து பாத்தா மீசை தெரியல. பெருசாக்குங்க."

"அங்க யாரு வந்து உக்காரப் போறது? அமைச்சரா?"

"அமைச்சர்னா பேசிச் சமாளிச்சிரலாமே தங்கச்சி."

பிரேமிளா மடிக்கணினியைப் பட்டென்று மூடினாள். "அப்ப நான் வீட்டுக்குப் போறேன். நீங்களே மேடையில ஏறி நில்லுங்க. திரையே தேவைப்படாது."

அழகமுத்து ஓடி வந்தார். கடையில் விலை பேசுகிற மாதிரியே பேசினார். கடைசியில் பதினொரு பாட்டு அவருக்கு, பன்னிரண்டாவது பாட்டு அவளுக்கு என்று முடிந்தது.

ஆறு மணிக்கு மண்டபம் நிறைந்தது. முதல் பாட்டில் நிலா உதித்தது. நிலாவுக்கு மீசை இருந்தது. இரண்டாவது பாட்டில் மழை. ஒவ்வொரு துளியிலும் ஒரு அழகமுத்து. மூன்றாவதில் தாமரை மெல்ல விரிய, "இந்தா வந்துட்டாருடோய்!" என்று பின்வரிசை கத்தியது. அதன் பிறகு ஒவ்வொரு பாட்டுக்கும் சிரிப்பும் விசிலும்தான். சுதேஷ் பாடியது யாருக்கும் கேட்கவில்லை.

அழகமுத்து பிரேமிளாவின் மேசைக்குப் பக்கத்தில், திரைச்சீலை மறைவில் நின்று மூன்றாவது கதிரையையே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே ஒரு பெண்மணி கண்களை இறுக மூடி உட்கார்ந்திருந்தார்.

"தூங்கிட்டாங்களா? இன்னும் பெருசாக்குங்க."

"இதுக்கு மேல திரை இல்ல முதலாளி!"

எட்டாவது பாட்டில் கொழும்பு மேலாளர் எழுந்து வெளியே போனார். திரும்பி வரவில்லை. பிரேமிளா அடுத்த அழகமுத்துவைத் திரையில் ஏற்றினாள்.

பதினொன்று முடிந்தது. அழகமுத்து கை கூப்பினார். "தங்கச்சி, ஒரே ஒரு தடவை. அந்த ஜன்னல்ல மட்டும். சின்னதாப் போட்டாக்கூடப் போதும்."

இனிப் பார்க்க யார் இருக்கிறார்கள்? போட்டுத் தொலைத்தால்தான் என்ன? அவள் விரல் ஒரு கணம் தயங்கியது.

"இல்ல முதலாளி. இது என்னோடது."

ரயில் புறப்பட்டது. பனி விலகி விலகிச் சேர்ந்தது. ஒவ்வொரு பெட்டியாக வந்து, கடைசிப் பெட்டியில் அந்த ஜன்னல் வந்தது. அதில் யாரும் இல்லை. விசிலுக்குத் தயாராக இருந்த மண்டபம் அப்படியே அடங்கியது. அன்று முதன்முறையாகச் சுதேஷின் குரல் கேட்டது.

அழகமுத்து தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு மேடைக்குப் பின்னால் போய்விட்டார்.

நிகழ்ச்சி முடிந்து பிரேமிளா வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது, மூன்றாவது கதிரைப் பெண்மணி மேடை ஏறி வந்தார். சேலையும் அந்தத் தோளும் எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தன.

"படமெல்லாம் காட்டினது நீங்கதானா?"

"மன்னிச்சிருங்க மெடம். நீங்க தூங்குற அளவுக்கு..."

"யாரு தூங்கினா? அந்தாளு முகத்துலயே முழிக்க மாட்டேன்னு சொல்லிட்டு அம்பிட்டியில அம்மா வீட்டுல எட்டு மாசமா இருக்கேன். என் கூடப்பொறந்த தங்கச்சி டிக்கெட் தந்தாளேன்னு நம்பி வந்தா, முதல் பாட்டுலயே நிலாவா வந்து நிக்கிறாரு என் வீட்டுக்காரர்! அப்ப மூடின கண்ணு. சனம் சிரிக்கிற சத்தத்த வச்சே, வந்துட்டாருன்னு தெரிஞ்சுக்குவேன்."

பிரேமிளா சுருட்டிய வயரைக் கீழே வைத்தாள்.

"கடைசிப் பாட்டுல சிரிப்பே கேக்கல. என்னமோன்னு கண்ணத் திறந்தேன்..." பெண்மணியின் குரல் இறங்கியது. மேடையின் நாலு மூலையையும் அவர் கண்கள் தேடின. "ஜன்னல்ல ஆளக் காணோமே பிள்ள, அவருக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"