ஒர்சோலாவின் நாற்காலிக்குக் கீழே

டக்... டக்... டக்.

கண்களை மூடி உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் தூக்கிவாரிப் போட்டது.

நிலநடுக்கத்தில் ரோக்காமாரா ஊர் சரிந்து நாலு மாதம். பிழைத்தவர்களுக்கு மூச்சைக் கவனிக்கும் தியானம் சொல்லிக்கொடுக்க, அங்கோனா நகரத்திலிருந்து வாராவாரம் வருகிறாள் டாக்டர் லவீனியா. ஒரு கன்டெய்னர்தான் வகுப்பறை.

லவீனியா கண்ணைத் திறந்தாள். நசரேனோதான். எழுபது வயசு. பக்கத்து வீட்டுக்காரி ஒர்சோலாவின் நாற்காலிக்குப் பின்னால் உட்கார்ந்து குதிகாலால் பலகைத் தரையைத் தட்டிக்கொண்டிருந்தார். இப்படித் தட்டுவது இது மூன்றாவது வாரம்.

“யோவ், மனசாட்சி இருக்கா உனக்கு?” பேக்கரிக்காரர் துல்லியோ எழுந்துவிட்டார். “இடிபாட்டுக்கு அடியிலேருந்து என் தம்பி ரெண்டு நாள் இப்படித்தான்யா தட்டினான். மூணாம் நாள் தட்டலை.”

“ஒர்சோலாவை வதைக்கத்தான் டாக்டரம்மா,” என்றாள் பக்கத்திலிருந்தவள். “வேலியோரத்து வால்நட் மரம் யாருக்குன்னு இருபது வருஷமா சண்டை. பத்தொன்பது மணி நேரம் மண்ணுக்குள்ள கிடந்தவ அவ. அவ பின்னாடியே உட்கார்ந்து தட்டுறாரு பாருங்க!”

ஒர்சோலா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வகுப்பிலேயே அமைதியான முகம் அவளுடையதுதான். மற்றவர்களுக்கு லவீனியா எப்போதும் அவளைத்தான் உதாரணம் காட்டுவாள்.

“ஐயா, தயவுசெஞ்சு வெளியே போயிடுங்க.”

நசரேனோ தொப்பியை எடுத்துக்கொண்டு பனியில் இறங்கிப் போனார்.

“மறுபடி ஆரம்பிக்கலாம். மூச்சு உள்ளே வருது... வெளியே போகுது... இப்போ மௌனம்.”

மௌனம். காதை அடைக்கிற மௌனம்.

ஒர்சோலாவின் நகங்கள் நாற்காலிக் கையைப் பிராண்ட ஆரம்பித்தன. உதடு வெளுத்தது. மார்பு அசையவே இல்லை. லவீனியா பதறி எழுந்தாள்.

டக்... டக்... டக்.

தரைக்கு அடியிலிருந்து.

“மாதாவே!” துல்லியோ சிலுவை போட்டுக்கொண்டார். யாரோ விசும்பினார்கள்.

ஒர்சோலாவின் விரல்கள் மட்டும் மெல்லத் தளர்ந்தன. மூச்சு திரும்பியது.

லவீனியா வெளியே ஓடிக் குனிந்து பார்த்தாள். முட்டுக்கட்டைகள் மேல் நின்ற கன்டெய்னருக்கு அடியில், பனிச் சேற்றில் மல்லாந்து கிடந்தார் நசரேனோ. கையில் ஒரு கல். நேர் மேலே ஒர்சோலாவின் இடம்.

“என்னய்யா இது! வெளியே வாங்க. உங்க ரெண்டு பேருக்கும் பேச்சே கிடையாதாமே?”

“இப்பவும்தான் கிடையாது. மரம் என்னோடது.”

“அப்புறம் எதுக்கு இப்படி?”

அவர் கல்லைக் கை மாற்றிக்கொண்டார்.

“அவளைத் தோண்டினப்போ நானும் இருந்தேன். உள்ளே சத்தம் வருதான்னு கேட்க, தீயணைப்புக்காரங்க அப்பப்போ ‘மௌனம்’னு கத்துவாங்க. மண்வெட்டியைக் கீழே போட்டுட்டு மூச்சு விடாம நிப்போம். உள்ளே அவளுக்கு ஒரு சத்தமும் கேட்டிருக்காது. அவளை வெளியே எடுத்ததும் என் சட்டையைப் பிடிச்சு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. ‘ஏன்யா, நடுநடுவுல என்னை விட்டுட்டுப் போனீங்க?’ன்னு.”

டக்... டக்... டக்.

“போகலைன்னு சொல்றேன்.”