சிறுகச் சேர்த்த பெட்ரோல்

"என் பெட்ரோலைத் திருடிட்டாங்க தம்பி."

மளிகைக் கடையை ஒட்டிய பெட்ரோல் பங்கில், கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்த டுவைட் எட்டிப் பார்த்தான். நிற்பவள் தள்ளுவண்டியோடு நடந்து வந்த கிழவி. வேலைக்குச் சேர்ந்து இரண்டே மாதமானவன், பாவம், சிரிப்பை அடக்கிக்கொண்டான்.

வெர்னாவுக்குச் சுருக்கென்றது. கார் இல்லாதவள் பெட்ரோல் சேர்க்கக் கூடாதா என்ன? கணவர் போன பிறகு அவருடைய சிவப்பு பிக்கப் வண்டியை, இடிபட்டு மாற்றிய வெள்ளைப் பின்கதவோடு, மகன் ரஸ்ஸலுக்கே தூக்கிக் கொடுத்துவிட்டாள். அதில் அடிக்கடி வந்து பார்க்கிறேன் என்று சொல்லித்தான் அவனும் வாங்கிப் போனான்.

அவன் இருக்கும் இண்டியானாவிலிருந்து இந்த ஓஹையோ அப்படி என்ன தூரம்? ஆனால் எப்போது கூப்பிட்டாலும் ஒரே பல்லவி. பெட்ரோல் விற்கிற விலையில் எப்படிம்மா வருவது என்பான். போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பேசும்போதும் அதையேதான் சொன்னான்.

அந்தச் சாக்கைப் பிடுங்கிவிடுவது என்று வெர்னா கங்கணம் கட்டிக்கொண்டிருந்தாள். இந்தக் கடையில் சாமான் வாங்க வாங்க பாயிண்ட் ஏறும். பாயிண்ட் ஏற ஏற, இந்தப் பங்கில் பெட்ரோல் விலை இறங்கும். எதிர்க்கடையில் முட்டையும் பாலும் மலிவுதான், அந்தப் பக்கமே அவள் தலைவைத்துப் படுக்கவில்லை. பாயிண்ட் இரட்டிப்பாகும் வெள்ளிக்கிழமையாகப் பார்த்து, தொண்டையில் இறங்காத சூப் டப்பாக்களைக்கூட வாங்கி அடுக்கினாள்.

"நம்ம பழைய வீட்டு போன் நம்பர்லதான்டா சேக்குறேன். நன்றித் திருநாளுக்கு வா. திரும்பிப் போறப்ப அந்த நம்பரச் சொல்லி மலிவா டேங்க்க நெரப்பிட்டுப் போ" என்று மகனிடம் பெருமையாகச் சொல்லியும் வைத்தாள். பார்க்கலாம்மா என்றான்.

இன்று பில்லின் அடியில் பார்த்தால் பாயிண்ட் பூஜ்யம். கல்லாவில் நம்பரை வாய்விட்டுத்தானே சொல்ல வேண்டியிருக்கிறது? பின்னால் நிற்கிறவள் காதில் விழுந்தால் போயிற்று. அடுத்த தெரு மார்லீன் எப்போதும் அவள் முதுகுக்குப் பின்னால்தான் வந்து நிற்பாள். நேற்று வழியில் பார்த்தும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாளே, அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

டுவைட் நம்பரைக் கேட்டுத் தட்டிப் பார்த்தான். போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், இதே பங்கில்தான் எடுத்திருக்கிறார்கள் என்றான்.

"குட்டையா, செம்பட்டை முடி வெச்ச பொம்பளதானே?"

"இல்லம்மா, ஆம்பள. டேங்க்க நெரப்பினது பத்தாதுன்னு ரெண்டு கேன்லயும் புடிச்சுக்கிட்டாரு, அதான் ஞாபகம் இருக்கு. பின்னால படகு கட்டியிருந்துச்சு. போன மாசமும் வந்தாரு, இந்த ஊர் ஏரிக்கு மீன் புடிக்க. செவப்பு பிக்கப், பின்கதவு மட்டும் வெள்ளை."

வெர்னா தள்ளுவண்டியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். உள்ளே நன்றித் திருநாள் விருந்துக்கு வாங்கிய வான்கோழி ஒன்று, நாலு பேருக்குக் காணும் அளவில், உறைந்து கிடந்தது.

டுவைட் மேனேஜரைக் கூப்பிட போனை எடுத்தான். கேமராவில் பார்த்துப் போலீசுக்கே சொல்லிவிடலாம் என்றவன், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினான்.

"ஏம்மா, தெரிஞ்ச ஆளா?"

"இல்ல தம்பி. யாருன்னே தெரியல."