பக்கத்துச் சக்கரத்துக்காரி

குழாயடியில் பக்கத்துச் சக்கரத்துக்காரியின் விரல்களை ஒவ்வொன்றாகத் தேய்த்துக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தான் அவள் கணவன். நக இடுக்கில் ஒட்டியிருந்த களிமண்ணைக்கூட விடவில்லை.

தன் மண்பாண்டச் சக்கரத்தைத் துடைக்கிற சாக்கில் தையல்காரி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். துடைத்த இடத்தையே மறுபடி மறுபடி துடைத்தாள்.

சமூகக் கூடத்தில் மண்பாண்ட வகுப்பு தொடங்கிய நாளிலிருந்தே இதே கதைதான். மற்றவர்களின் கணவன்மார் வாசலில் இறக்கிவிட்டு வண்டியைத் திருப்பிவிடுவார்கள். இவன் மட்டும் உள்ளே வந்து, மனைவிக்கு ஏப்ரன் கட்டிவிட்டு, அவள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்துவிடுவான்.

அவளுக்கோ வாயைத் திறக்கும் வேலைகூட இல்லை.

"உங்களுக்கு எப்படிம்மா இதுல ஆர்வம் வந்துச்சு?" என்று வாத்தியாரம்மா அவளிடம் கேட்டபோதுகூட, "ராத்திரி தூக்கமே இல்ல மேடம். கைக்கு ஏதாவது வேலை குடுங்கன்னு டாக்டர் சொன்னார்" என்று அவன்தான் சொன்னான்.

'பேசற சிரமம்கூட வைக்காம தாங்குறானே' என்று தையல்காரி பெருமூச்சு விட்டாள்.

தையல்காரியின் வீட்டிலும் ஒருவர் இருந்தார்.

"கிண்ணம் செய்யக் கத்துக்கப் போறேங்க."

"ஏன், கடையில விக்கலையா?"

அவ்வளவுதான் பேச்சு. எங்கே, யாரோடு, எப்போது வருவாய், ஒரு கேள்வி கிடையாது. டிவியிலிருந்து கண்ணை எடுக்காமலே, கதவைச் சாத்திவிட்டுப் போகச் சொன்னார்.

மறுவாரம் தையல்காரியின் கிண்ணம் அரைகுறையாக எழும்பியிருந்தது. பக்கத்துச் சக்கரத்தில் அந்தப் பெண்ணின் கிண்ணம் வாய் விரிந்து பூவாய் நின்றது. அவன் எழுந்து வந்து, அவள் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கி, காதோடு ஏதோ சொன்னான். அவள் தலையாட்டினாள்.

தையல்காரியின் விரல் தன்னையறியாமல் அழுந்தியது. கிண்ணம் கோணிக்கொண்டு சரிந்தது.

"துணியை இழுக்கற மாதிரி இழுக்காதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது? கண்ணு எங்க இருக்கு உங்களுக்கு?" என்றாள் வாத்தியாரம்மா. நாலு பேர் சிரித்தார்கள்.

'தாங்கறதுக்கு ஆள் இருந்தா எனக்கும்தான் வரும்' என்று முணுமுணுத்தபடி மண்ணை மறுபடி உருட்டினாள்.

அந்த நேரம் பார்த்து அவனுடைய போன் அடித்தது. உள்ளே சரியாகக் கேட்கவில்லை போலும். "ஹலோ, ஹலோ" என்று கத்திக்கொண்டே எழுந்து நடந்தான்.

தையல்காரிக்கு அதற்குமேல் அடக்க முடியவில்லை. பக்கத்தில் சாய்ந்தாள்.

"தப்பா எடுத்துக்காதம்மா. உன்னைப் பார்த்தா எனக்குப் பொறாமையா இருக்கு. இப்படி ஒருத்தர் கிடைக்கக் குடுத்து வெச்சிருக்கணும்."

அந்தப் பெண் அவன் முதுகு வாசலைத் தாண்டி மறையும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பிறகு சட்டென்று திரும்பினாள். அந்த வேகத்தில் முழங்கை இடித்து அவளுடைய கிண்ணம் நசுங்கியது. அவள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மண் அப்பிய ஈர விரல்களால் தையல்காரியின் மணிக்கட்டை இறுகப் பற்றினாள்.

"அக்கா, இங்க பின்வாசல் இருக்கா?"