மூன்றாவது தோல்

அவன் கண்ணைத் துண்டால் இறுக்கிக் கட்டினேன்.

வெள்ளிக்கிழமை மழையில் என் கதவைத் தட்டியவன் இவன்தான்.

தாராவியில் ஹனீப் பாயின் தோல் கிடங்கில் தரம் பிரிப்பவன் நான். புதிதாக வேலை கேட்டு வருகிறவர்களின் கண்ணைக் கட்டி, ஒவ்வொன்றாக மூன்று தோல் கொடுப்பேன். செம்மறியா, வெள்ளாடா என்று விரலால் தடவிச் சொல்ல வேண்டும். ரோமம் போய்ப் பதப்பட்ட பிறகு இரண்டும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுதான். ஒன்று தப்பினாலும் வேலை கிடையாது.

அன்றைக்கு இவன் தோளில் ஒரு பெண்பிள்ளை காய்ச்சலில் கிடந்தது. நம்ம ஊர்ப்பக்கம் நாசரேத்திலிருந்து வருகிறேன், தோல் கிடங்கு அண்ணாச்சி நம்ம சபைக்காரர் என்று சொல்லி அனுப்பினார்கள், ஒரு ராத்திரி தங்க இடம் தந்தால் போதும் என்றான். பலகை இடுக்கு வழியாகப் பார்த்தேன். ஊரெல்லாம் அம்மை என்று பேச்சாக இருந்த வருடம், அறுபத்து மூன்று. என் வீட்டிலும் இரண்டு பிள்ளைகள். இடமில்லை, போ என்று உள்ளே இருந்தபடியே கத்தினேன்.

என் முகத்தை அவன் பார்க்கவில்லை. குரலைத்தான் கேட்டான்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் உபதேசியார் பார்த்துப் பார்த்து எடுத்தது நியாயத்தீர்ப்புப் பிரசங்கம். கடைசி நாளில் ராஜா செம்மறிகளை வலப்பக்கமும் வெள்ளாடுகளை இடப்பக்கமும் நிறுத்துவாராம். ஒண்ட இடமில்லாமல் உன் வாசலில் நின்றேனே, ஏன் திறக்கவில்லை என்று இடப்பக்கத்தாரைக் கேட்பாராம். அதற்குமேல் எனக்கு அங்கே இருப்புக் கொள்ளவில்லை. எங்கள் கிடங்கில் பக்கங்கள் நேர்மாறு, விலை கூடிய வெள்ளாடுதான் வலப்பக்கம். அந்த நினைப்பும் ஆறுதல் தரவில்லை.

மறுநாள் காலையில் ஹனீப் பாயே இவனைக் கூட்டிவந்து என் முன்னால் நிறுத்திவிட்டார்.

பிள்ளை எப்படி இருக்கிறது? அதைக் கேட்க வேண்டும். ஆனால் வாயைத் திறந்தால் குரல் காட்டிக்கொடுத்துவிடும்.

முதல் தோலைச் சரியாகச் சொன்னான். பேசாமல் அவன் தோளைத் தட்டினேன். இரண்டாவதும் சரி. மறுபடி தட்டினேன்.

மூன்றாவதை நெடுநேரம் தடவினான். நல்ல விறைப்பான வெள்ளாட்டுத் தோல். சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும்.

“செம்மறி.”

தப்பு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், போய்விடுவான். இனி அவன் முகத்தில் விழிக்கவே வேண்டாம்.

வாசலில் லாரிக்காரனோடு பேசிக்கொண்டிருந்த ஹனீப் பாய் திரும்பாமலே கேட்டார். “என்ன சிகாமணி, டீக் ஹை? சரியா சொல்றானா?”

“சரியாத்தான் சொல்லுதான், பாய்.”

துண்டை அவிழ்த்தேன். அவன் என்னை ஏறிட்டுப் பார்த்தான்.

“வெள்ளாடுன்னு தெரியும் அண்ணாச்சி. நீங்க வாயே தொறக்கலியே. அன்னைக்கு உள்ள இருந்து பேசுன கொரலான்னு பாக்கத்தான் மாத்திச் சொன்னேன்.”

“பிள்ளை...” என்று மட்டும் வந்தது.

“பாய் வீட்டுல படுத்திருக்கா. அன்னைக்கு ராத்திரியே கதவத் தொறந்துட்டாவ. இப்பம் காய்ச்சல் இல்ல.”

தன் கையிலிருந்த வெள்ளாட்டுத் தோலை மடித்து, வலப்பக்கம் போட்டான்.