கிராணியாரின் தூண்டில்

கோலசிலாங்கூர் காதர் பாய் கடையில், ஞாயிற்றுக்கிழமை வெயிலிலும் கோட்டுப் பொத்தானைக் கழற்றாத தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் பெரிய கிராணியார் அம்பிகைபாகர் தூண்டில் பார்க்கிறார். எதிரே ஆற்றங்கரையில் தோட்டத்து லயத்துக் கூலியாட்கள் மூங்கில் கழிகளோடு கூடிச் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்புக்குப் பக்கத்தில் போய் உட்கார அவருக்கு ஆசை. வெறும் மூங்கிலோடு உட்கார உத்தியோகம் விடவில்லை. வெள்ளைக்காரத் துரைமார் பிடிக்கும் தூண்டில் என்றால் விடும். மெல்லிய கோல் ஒன்றை ஆட்டுகிறார், நாணல் மாதிரி வளைகிறது. "அது தாங்காது கிராணியாரே. குஞ்சுமீன் மாதிரி கட்டின இந்தப் பெரிய இறகு முள்ளை வீச விறைப்பான கோல் வேணும்லா," என்று பாய் வேறொரு கோலை நீட்டுகிறார். விறைப்பு கிராணியாருக்கு உடனே பிடித்துப்போகிறது. அதில் மாட்டிய பித்தளைச் சக்கரத்தைச் சுற்றுகிறார், கிர்ரென்று கத்துகிறது. கரையில் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள், நகர்ந்து இடம் விடுவார்கள். மீசைக்கடியில் ஒரு சிரிப்பு வரப் பார்க்கிறது. "நல்ல தேர்வு, துரை அசந்துடுவார்," என்று பாய் துணியை விரிக்கிறார். "அவருக்குன்னு எடுத்து வைக்கிறேன், ஆள் அனுப்பச் சொல்லுங்க. உங்களுக்கு ஏதாச்சும்?" இது எனக்குத்தான் என்று சொல்லக் கிராணியார் வாயைத் திறக்கிறார். "எனக்கு ஏன் உதெல்லாம்?" என்கிறார். கோல் துணிக்குள் போகிறது. கோட்டின் மேல்பொத்தானைச் சரிசெய்துகொண்டு, ஆற்றங்கரைப் பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டு போகும் நீண்ட பாதையில் இறங்கி நடக்கிறார்.